மூன்று வருஷச் சங்கிலி



ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டிய அன்னைக்கே, கவிதை எழுதுறவங்க கவிதை கொடுத்துட்டாங்க, ஜோக் எழுதுறவங்க ஜோக் கொடுத்துட்டாங்க. எனக்கு ரெண்டும் வராது. எனக்குத் தெரிஞ்சது ஒரு மனிதரின் வாழ்க்கை. எங்க ராயப்பன்பட்டியில் சின்ன வயசுல மறைக்கல்வி வகுப்பில் கேட்டது. பிறகு நானே தேடித் தேடிப் படித்தது. அவர் சாமியார் இல்லை. குருமடத்தில் படித்தவரும் இல்லை. நம்ம அப்பா, சித்தப்பா மாதிரி கல்யாணம் ஆகி, வேலைக்குப் போய், மாட்டையும் வயலையும் நம்பி இருந்த ஒரு குடும்பஸ்தர். பெயர் தேவசகாயம்.

அவரைப் பற்றி ஏன் நமக்கு? நம்ம டிப்ளமோ மூணு வருஷம். அந்த மூணு வருஷத்துக்குள்ள எத்தனை பேர் நடுவிலேயே நின்னுடறாங்க! வீட்டில் கடன், அரியர், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா என்ற பயம்... ஆளுக்கு ஒரு காரணம். தேவசகாயம் சங்கிலியில் கிடந்ததும் ஏறக்குறைய மூணு வருஷம்தான். 1749 பிப்ரவரி 23 முதல் 1752 ஜனவரி 14 வரை. எண்ணிப் பார்த்தால் 1,055 நாள். அத்தனை நாளும் ஒரு மனிதன் எப்படித் தாங்கினான், அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நட்டாலத்து நீலகண்டன்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நட்டாலம் என்று ஒரு ஊர். அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே 1712 ஏப்ரல் 23 அன்று ஒரு நாயர் குடும்பத்தில் பிறந்தார். வைத்த பெயர் நீலகண்டன். தகப்பனார் காயங்குளம் பக்கத்து நம்பூதிரி. தாயார் தேவகி அம்மா. அந்தச் சமூகத்து மருமக்கள்தாய வழக்கப்படி தாய்வீட்டிலேயே, மாமன்மார் கண்காணிப்பில் வளர்ந்தார். தமிழ், மலையாளம், வடமொழி மூன்றும் படித்தார். ஆயுதப் பயிற்சியும் உண்டு. வசதிக்குக் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை.

அப்போது ராஜா மார்த்தாண்ட வர்மா. 1729-ல் பட்டத்துக்கு வந்தவர். தலைநகர் பத்மநாபபுரம். நீலகண்டனுக்கு அரண்மனையில் உத்தியோகம் கிடைத்தது. அங்குள்ள நீலகண்டசுவாமி கோவிலிலும் பொறுப்பு இருந்தது. மயிக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். இன்றைய கணக்கில் சொன்னால் கவர்மெண்ட் வேலை, சொந்த நிலம், ஊரில் பேரு. எல்லாம் செட்டில் ஆன வாழ்க்கை!

தோற்றுப்போன எதிரி

இந்த இடத்தில் கதைக்குள் இன்னொருவர் வருகிறார். அவரைத் தெரியாமல் தேவசகாயத்தைத் தெரிந்துகொள்ள முடியாது.

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிளகு வியாபாரம் முழுசும் தன் கையில் இருக்கணும் என்று ஆசை. மார்த்தாண்ட வர்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை. சண்டை மூண்டது. 1741-ல் குளச்சல் கடற்கரையில் டச்சுப் படை தோற்றது. ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் படையை நம் நாட்டு மன்னர் ஒருவர் மண்ணைக் கவ்வ வைத்த போர் அது. பிடிபட்ட கைதிகளில் ஒருவர் எஸ்தாக்கியுஸ் டிலனாய். வயது இருபதுகளில்தான் இருக்கும்.

மார்த்தாண்ட வர்மா கெட்டிக்காரர். கைதியின் தலையை வாங்காமல், அவன் தலைக்குள் இருந்த வித்தையை வாங்கிக்கொண்டார். டிலனாய் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டையை எடுத்துக் கட்டியதில் அவர் பங்கு பெரியது. மலையைச் சுற்றிக் கருங்கல் மதில். உள்ளே பீரங்கி வார்க்கும் உலை. நம்ம சிவில் பசங்களும் மெக்கானிக்கல் பசங்களும் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம். பின்னாளில் டிலனாய் படைத்தலைவராகவே உயர்ந்தார். 1777-ல் இறந்தபோது அதே கோட்டைக்குள் அடக்கம் செய்தார்கள். கல்லறை இன்றும் இருக்கிறது.

அரண்மனை உத்தியோகஸ்தர் நீலகண்டனும், கைதியாக வந்த வெள்ளைக்கார டிலனாயும் பழகி நண்பர்களானார்கள். ஜெயித்தவன் பக்கத்து ஆள் ஒருவர், தோற்றவன் பக்கத்து ஆள் ஒருவர். தோற்றவனிடமிருந்துதான் ஜெயித்தவனுக்கு வழி கிடைக்கப் போகிறது!

யோபு என்ற மனிதர்

அந்தச் சமயத்தில் நீலகண்டன் வீட்டில் கஷ்டம் நுழைந்தது. மாடு கன்று ஒவ்வொன்றாகச் செத்தது. பயிர் அழிந்தது. செய்யாத பரிகாரம் இல்லை, பிரயோஜனமும் இல்லை. ஆள் மனசு ஒடிஞ்சு போனார்.

நண்பர்களே, இது நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். எங்க ஊர் திராட்சைக்குப் பேர் பெற்ற பக்கம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனா குலை பழுக்கிற நேரத்தில் ரெண்டு நாள் சேர்ந்தாப்ல மழை அடிச்சா, பழம் வெடிச்சுப் போகும். மருந்து, கூலி, வட்டிக்கு வாங்கின பணம் எல்லாம் பந்தலுக்கு அடியில கொட்டிக் கிடக்கும். அப்படி ஒரு வருஷத்தில் எங்க வீட்டுல ரெண்டு நாள் யாரும் யாரோடயும் பேசல. அடுத்த வாரம் எங்கம்மா விடியக்காலை ஜீப்பில் ஏறி ஏலத் தோட்ட வேலைக்குப் போனாங்க. அப்போது மனசுக்குள்ள வருகிற கேள்வி ஒண்ணுதான்: நாம என்ன பாவம் செஞ்சோம்?

நீலகண்டனுக்கும் அதே கேள்வி. அவர் முகத்தைப் பார்த்து விசாரித்த டிலனாய், பைபிளில் இருக்கும் யோபுவின் கதையைச் சொன்னார். யோபு நல்ல மனிதர். ஆயிரக்கணக்கில் ஆடு, ஒட்டகம், மாடு, நிறைந்த குடும்பம். அடுத்தடுத்து இடி விழுந்தது போல அத்தனையும் போய்விட்டது. பெற்ற பிள்ளைகளும் போய்விட்டார்கள். உடம்பெல்லாம் புண். பார்க்க வந்த சிநேகிதர்கள், நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று வாதாடினார்கள். யோபு அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடவுளிடமே நியாயம் கேட்டார், அழுதார், சண்டை போட்டார். ஆனால் கையை மட்டும் விடவில்லை.

இந்தக் கதை நீலகண்டனைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. கஷ்டம் என்பது தண்டனை இல்லை என்று முதல் தடவையாக அவரிடம் ஒருவர் சொல்கிறார். அதுவும் யார்? நாடு விட்டு நாடு வந்து, தோற்று, கைதியாகி, திரும்பிப் போக வழியில்லாமல், அப்படியும் நிமிர்ந்து நிற்கிற ஒரு மனிதர்! புத்தகத்தில் இருந்த யோபு ஒருத்தர்னா, கண் முன்னால நின்ன யோபு இன்னொருத்தர். சொன்ன கதையை விட, சொன்ன ஆளின் நிலைமைதான் அவரை அதிகம் யோசிக்க வைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வடக்கன்குளம்

நீலகண்டன் அந்த விசுவாசத்தைப் பற்றி மேலும் மேலும் கேட்டார், கடைசியில் ஏற்றுக்கொள்ளத் துணிந்தார். சமஸ்தானத்துக்குள் வைத்து அரண்மனை ஆள் ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது லேசான காரியம் இல்லை. அதனால் டிலனாய் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, எல்லைக்கு வெளியே வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். இப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. அங்கே இருந்தவர் இயேசு சபைக் குரு ஜான் பாப்டிஸ்ட் புத்தாரி. மக்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தார்கள்.

1745 மே 14. நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்று பெயர். அதன் பொருள் கடவுளின் உதவி, தமிழில் தேவசகாயம். மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாக யோசிக்க வேண்டும். அதே அரண்மனையில் டிலனாய் கிறிஸ்தவராகவே இருந்தார். பதவியும் கிடைத்தது, மரியாதையும் கிடைத்தது. அப்படியென்றால் தேவசகாயத்துக்கு மட்டும் ஏன் ஆபத்து? டிலனாய் வெளியாள். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ஊர் அமைப்பு ஆடாது. தேவசகாயம் உள்ளாள், உயர்ந்த சாதிக்காரர். அவர் போய்த் தாழ்த்தப்பட்ட மக்களோடு பக்கத்தில் உட்கார்ந்து பேசினார், சேர்ந்து சாப்பிட்டார், எல்லாரும் சமம் என்று சொன்னார். தீண்டினால் தீட்டு என்ற காலத்தில் இது தூணையே அசைக்கிற காரியம். பகை முளைத்தது அங்கேதான்.

அவர்மேல் ராஜ துரோகம் முதலான குற்றங்கள் சுமத்தப்பட்டன. மதம் மாறியதற்காக மார்த்தாண்ட வர்மா யாரையும் தண்டித்ததில்லை, காரணம் வேறு என்று வாதிடுகிற வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். விசுவாசத்தையும், எல்லாரும் சமம் என்ற பேச்சையும் விடாததற்காகத்தான் அவர் கொல்லப்பட்டார் என்பது திருச்சபை நீண்ட காலம் விசாரித்து எடுத்த முடிவு.

ஆயிரத்து ஐம்பத்தைந்து நாள்

1749 பிப்ரவரி 23. கைது. அப்போது அவருக்கு வயது 36.

ஒரே நாளில் முடித்திருந்தால் அது ஒரு விதம். அவரை ஊர் ஊராக நடத்தினார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மாட்டின் மேல் பின்புறம் பார்த்து உட்கார வைத்து, தெருத் தெருவாகக் கொண்டு போனார்கள். நேற்று வரை எழுந்து நின்று கும்பிட்டவர்கள் பார்த்துச் சிரிக்கணும், அதுதான் நோக்கம். அடித்தார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். வெயிலில் நிறுத்தினார்கள். இதெல்லாம் குமரி மாவட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது.

புலியூர்க்குறிச்சியில் ஒரு பாறை இருக்கிறது. தாகத்தில் தவித்தவர், ஜெபித்து முழங்கையால் பாறையில் முட்ட, தண்ணீர் சுரந்ததாக நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என்று பெயர். பெருவிளையில் ஒரு வேப்ப மரத்தில் மாதக் கணக்கில் கட்டி வைத்திருந்தார்கள். அங்கே அவரைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சிரிக்க இல்லை, ஆறுதல் கேட்க! கட்டிப் போட்டவனிடம் வந்து, கட்டில்லாமல் நடமாடுகிறவன் தைரியம் கேட்கிறான். இதுதான் எனக்கு அந்த வரலாற்றிலேயே பெரிய அதிசயம்.

அங்கிருந்து கொண்டு போனது ஆரல்வாய்மொழிக்கு. அங்கேயும் கூட்டம் நிற்கவில்லை.

விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும், பழைய உத்தியோகம், வீடு, மனைவி எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்ற நிலைமை. நாம நினைக்கிற மாதிரி தைரியம் என்பது ஒரு தடவை நெஞ்சை நிமிர்த்துவது இல்லை, நண்பர்களே. இன்னைக்குக் காலைல எழுந்ததும் மாட்டேன் என்று சொல்லணும். நாளைக்கும் சொல்லணும். புண் ஆறாத அன்னைக்கும், யாரும் பார்க்க வராத அன்னைக்கும் சொல்லணும். அவர் ஜெபித்ததெல்லாம் அந்தந்த நாளைக்குத் தேவையான பலத்துக்குத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். சங்கிலி கடைசிவரை கழலவில்லை. டிலனாயாலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. வழிகாட்டியவர் வழியைக் காட்டலாம். நடக்க வேண்டியது நம்ம கால்தானே!

காற்றாடிமலை

ஆரல்வாய்மொழிக்கு எங்க ஊர் இளைஞர்கள் சேர்ந்து வேன் பிடித்துப் போனோம். எலக்ட்ரிக்கல் படிக்கிறவங்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். நம்ம கம்பம் கணவாய் மாதிரியே அதுவும் காற்று வேகமாக அடிக்கிற ஒரு கணவாய். கண்ணுக்கு எட்டின தூரம் காற்றாலைகள். அதற்கு நடுவில் ஒரு பாறைக் குன்று. அதன் பெயரே காற்றாடிமலை.

1752 ஜனவரி 14 அன்று அந்தக் குன்றின் மேல் அவரை நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. உடலைக் காட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சில நாள் கழித்து விசுவாசிகள் தேடிப் போய், மிச்சம் கிடைத்ததை எடுத்து வந்து, கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். அங்கே அவர் கல்லறையை இன்றும் பார்க்கலாம். ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்துக்குப் போய், கடைசிவரை அங்கேயே இருந்து, அங்கேயே அடக்கமானார். கணவரைப் பற்றிப் பேசுகிற நாம், அந்த அம்மா தனியாகத் தாங்கிய வருஷங்களையும் மறக்கக் கூடாது. அவங்களுக்கு மாலையும் இல்லை, கூட்டமும் இல்லை, தைரியம் மட்டும்தான்.

குன்றில் மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு. கல்லால் தட்டினால் வெண்கல மணி மாதிரி கணீர் என்று சத்தம் வருகிறது. அவர் உயிர் பிரிந்தபோது பாறை ஒன்று விழுந்து மணி போல ஒலித்தது என்பது அந்த ஊர் நம்பிக்கை. கூட வந்த நண்பன் ஒருத்தன் கோவிலுக்கு மாலை போட்டிருந்த இந்துப் பையன். அவன்தான் முதலில் தட்டிப் பார்த்தான். அப்புறம் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். மனசாட்சிக்காகக் கஷ்டப்பட்ட மனுஷனை மதிக்க, ஒரே மதமாக இருக்கணும் என்று இல்லையே.

இருநூற்று எழுபத்தேழு வருஷம்

அவர் இறந்த நாலு வருஷத்தில், 1756-ல், கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தச் சாவைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு காலம் ஓடியது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம். 2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஞானஸ்நானம் பெற்று 277 வருஷமும் ஒரு நாளும் கழித்து! துறவியாக இல்லாத இந்தியர் ஒருவர் புனிதர் ஆனது அதுதான் முதல் தடவை. சாதிப் பெயரான பிள்ளை என்பதை நீக்கிவிட்டு, வெறும் தேவசகாயம் என்றே அறிவித்தார்கள். எல்லாரோடும் சமமாக உட்கார்ந்ததற்காக அடிபட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை வேறு என்ன?

அன்று அவரோடு சேர்ந்து புனிதர் ஆனவர்களில் ஒருவர் டைட்டஸ் பிராண்ட்ஸ்மா. டச்சுக்காரர், குரு, பத்திரிகையாளர். ஹிட்லர் ஆட்சியின் பொய்ப் பிரசாரத்தைக் கத்தோலிக்கப் பத்திரிகைகளில் போடக் கூடாது என்று உறுதியாக நின்றவர். 1942-ல் டாக்காவ் சித்திரவதை முகாமில் ஊசி போட்டுக் கொன்றார்கள். நாடு வேறு, காலம் வேறு. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நிலைமை மட்டும் ரெண்டு பேருக்கும் ஒன்று.

நமக்கு...

நண்பர்களே, நம்மை யாரும் எருமை மேல ஏத்தப் போறதில்ல. நம்ம சோதனை சின்னது. ஆனா தினசரி வருவது. அரியர் விழுந்ததும் படிப்பை விட்டுடலாம் என்று தோன்றும். காசு கொடுத்தா முடிச்சுடலாம் என்று எவனாவது ஆசை காட்டுவான். கூட்டத்தோட சேர்ந்து சாதி பேசினால்தான் சிநேகிதம் என்பான். வேலைக்குப் போன பிறகு, கலவையில் சிமெண்டைக் குறைத்துவிட்டு எம் புக்கில் கையெழுத்து மட்டும் போடு என்பான். ஒவ்வொரு இடத்திலும் மாட்டேன் என்று சொல்ல ஒரு பலம் வேண்டும்.

அந்தப் பலம் தேவசகாயத்துக்கு வந்தது விசுவாசத்திலிருந்து. அந்த விசுவாசம் அவரிடம் வந்து சேர்ந்தது, கஷ்டத்தில் இருந்த இன்னொரு மனிதரின் வாய் வழியாக. ஆகவே, மனசு ஒடிஞ்சு இருக்கிறப்ப ரூமைப் பூட்டிக்கிட்டுப் படுக்காதீங்க. யாரிடமாவது சொல்லுங்க. வழி காட்டப் போகிறவர், நாம மதிக்காமல் விட்ட ஆளாகக்கூட இருக்கலாம். பக்கத்து பெஞ்சில் ஒருத்தன் முகம் வாடியிருந்தால், டிலனாய் கேட்ட மாதிரி நாமும் ஒரு வார்த்தை விசாரிப்போம். அந்த ஒரு விசாரிப்பு ஒரு மனிதரை எவ்வளவு தூரம் தாங்கிக்கொண்டு போனது என்று பார்த்தோமே!

அவர் திருநாள் ஜனவரி 14. எங்க வீட்டுல பொங்கல் வேலை நடந்துக்கிட்டு இருக்கிற நாள். வருகிற பொங்கலுக்கு அவரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. மூணு வருஷம் ஒன்றும் முடியாத காலம் இல்லை. ஒவ்வொரு நாளாக நடந்தால் முடிந்துவிடும்.



— மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு, ராயப்பன்பட்டி